தாத்தா வீட்டு லட்சுமி படத்தை எடைக்குப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

குன்னம் பக்கம் ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மாடி வீடு கட்டுறாங்கன்னா, சுவரில் வரிசையாகத் தொங்கிய சாமி படங்களுக்கு என்ன ஆகும்? கண்ணாடி மங்கி, ஓரம் பழுப்பேறிய லட்சுமியும் சரஸ்வதியும் பல வீடுகளில் பழைய இரும்பு வண்டியில் ஏறிடும். அதே மாதிரி படங்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் துடைச்சு, சட்டத்துக்கு மெருகேத்தி விற்பனைக்கு நிற்கும். இன்ஸ்டாவில் 'வின்டேஜ்' ரீல்ஸ் பார்த்துட்டு அதைத் தேடி வாங்குறதும் நம்ம வயசுக்காரங்கதான். நடுவில் கிடைக்கிற லாபம், கையில் இருப்பது என்னன்னு தெரிஞ்சவருக்குப் போகுது. அது ஏன் நீங்களா இருக்கக் கூடாது?

உங்க வீட்டில் இருப்பது எது?

2023-ல் ராஜா ரவிவர்மாவின் யசோதை - கிருஷ்ணன் ஓவியம் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. உடனே கால்குலேட்டரைத் திறக்காதீங்க. அது அவர் வரைந்த அசல் எண்ணெய் ஓவியம். சாதாரண வீடுகளுக்கு வந்தவை அச்சுப் படங்கள். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம், நிறத்துக்கு ஒரு கல்லாகக் கல் அச்சு முறையில் படங்களை அடிச்சுத் தள்ளியது. சாமி படங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தது இப்படித்தான். அப்புறம் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள், சிவகாசி காலண்டர்களில் ஊர் ஊராகப் போயின.

தூரத்தில் எல்லாம் ஒண்ணு போலத் தெரியும். விலை ஒண்ணு இல்லை. படத்தின் அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கான்னு பாருங்க. பிறகு ஒரு பூதக்கண்ணாடி எடுங்க. ஒழுங்கான வரிசையில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட். ஒழுங்கில்லாத, மணல் தூவியது போன்ற புள்ளிகள் என்றால் கல் அச்சாக இருக்கலாம். பழைய தேக்குச் சட்டத்தில் புது பிரின்ட்டைச் செருகி விற்பதும் உண்டு. அதனால சட்டத்தை வச்சு வயசைக் கணக்குப் போடாதீங்க.

சரிசெய்றேன்னு கெடுக்காதீங்க

ஈரத்துணியால் படத்தைத் துடைக்கக் கூடாது. லேமினேஷன், செலோ டேப், ஃபெவிகால் மூணுக்கும் நோ. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, வண்ணம் உரிஞ்சு வந்துடும். காகிதத்தைப் பதப்படுத்தத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டு போங்க. பழுப்புக்கு முக்கியக் காரணம், பின்னால் அடிச்ச பலகையிலும் அட்டையிலும் இருக்கும் அமிலம். அதை எடுத்துட்டு அமிலமில்லாத அட்டை வைங்க. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேணும். ஃபிரேம் கடையில் மறக்காமச் சொல்ல வேண்டியது: "அண்ணே, அளவு பத்தலைன்னு ஓரத்தை வெட்டிடாதீங்க." அச்சகத்தின் பெயரே அங்கேதான் இருக்கும். அது போனால் மதிப்பும் போச்சு.

விற்கும் முன்

நூறு வயசைத் தாண்டிய கலைப்பொருள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேணும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. துபாயில் இருக்கும் மாமாவுக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்பும் ஐடியா இருந்தா, முதல்ல படத்தின் வயசைத் தெரிஞ்சுக்கோங்க. ஸ்கேன் பண்ணி பிரின்ட் போட்டு விற்கலாமேன்னு தோணுதா? ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. ரவிவர்மா 1906-ல் மறைந்தவர், அவர் ஓவியங்களுக்குச் சிக்கல் இல்லை. கொண்டைய ராஜு மறைந்தது 1976-ல். அவர் படங்களுக்கு 2036 முடியும் வரை பொறுக்கணும்.

விற்கும்போது மறுபதிப்பை மறுபதிப்புன்னே எழுதுங்க. எதைச் சரிசெஞ்சீங்க, எது புதுசுன்னும் சொல்லிடுங்க. ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த படத்தை உங்ககிட்ட வாங்க மாட்டார்.

கடைசியா ஒண்ணு. படத்தை யார் வாங்கியது, எந்த ஊரில், எந்தக் கல்யாணத்துக்குன்னு அப்பாயிகிட்டக் கேட்டு ஒரு தாளில் எழுதி, சட்டத்தின் பின்னால் வைங்க. வித்தாலும் வச்சுக்கிட்டாலும் அந்தத் தாள் படத்தோடயே போகட்டும். அப்பாயிக்கு அப்புறம் அதைச் சொல்ல ஆள் இருக்காது.