மனோகரி சிங்: அறிவிப்பில் வராத பெயர்

மனோகரி சிங் 2010ஆம் ஆண்டு யூலை 13ஆம் திகதி மும்பையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. இந்தப் பெயரை இதற்கு முன்னர் கேள்விப்படாதவர்களே இதை வாசிப்போரில் அதிகமாக இருக்கக்கூடும். ஆனால் 1960களின் ஹிந்திப் பாடல்களில் பத்தையேனும் கேட்டிருப்பவர் அவரையும் கேட்டிருப்பார். 'காஷ்மீர் கி கலி' (1964) படத்தில் ஷம்மி கபூர் குடிமயக்கத்தில் பாடும்போது கூடவே அழும் அந்த சாக்ஸபோன் அவருடையது. 'ஆர்ஸூ' (1965) படத்தில் லதா மங்கேஷ்கரின் ஏக்கக் குரலுக்குப் பதில் சொல்வதும் அதே சாக்ஸபோன்தான். 'ஆராதனா' (1969) படத்தின் மழையிரவுப் பாடலில் கிஷோர் குமாரின் குரலுக்கும் கேர்சி லோர்டின் அக்கோர்டியனுக்கும் நடுவே மூச்சுவிடுவதும் அவரே.

தமிழர்களிடம் சாக்ஸபோன் என்று சொன்னால் கத்ரி கோபால்நாத் என்ற பெயர் உடனே வந்து விழும். கர்நாடக இசை மேடையில் நடுநாயகமாக அமர்ந்து கச்சேரி செய்தவர் அவர். 1994இல் வெளிவந்த 'டூயட்' அந்தப் பெயரை இசைக் கச்சேரிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களின் வீடுகளுக்குள்ளும் கொண்டுசேர்த்தது. மனோகரி சிங்கின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது. அவர் கூலிக்கு வாசித்தவர். இதனை நான் இழிவாகச் சொல்லவில்லை. அழைப்பு வந்தால் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போவது, முன்னால் வைத்த தாளில் உள்ளதை வாசிப்பது, தாளில் இல்லாததையும் இசையமைப்பாளர் விரும்பினால் வாசிப்பது, சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் புறப்படுவது என்பதுதான் அந்தத் தொழில்.

அவர் 1931ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். நேபாளத்திலிருந்து வந்து குடியேறிய பாண்டு வாத்தியக்காரர்களின் குடும்பம் அது. சிறுவனாக இருக்கையிலேயே, கல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள பாட்டாநகரில், பாட்டா சப்பாத்துக் கம்பனியின் பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். (யாழ்ப்பாணத்தில் செருப்புக்கே 'பாட்டா' என்றுதான் பெயர். அந்தக் கம்பனி ஓர் இசைக்குழுவையும் வைத்திருந்தது என்று அறிந்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.) அக்குழுவை நடத்தியவர் ஜோசப் நியூமன் என்ற ஹங்கேரியர். மேலைத்தேய இசையை எழுதவும் வாசிக்கவும் சிறுவன் மனோகரி அங்கேதான் தேர்ச்சி பெற்றார். பின்னர் நியூமன் எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பனிக்குப் போனபோது மனோகரிக்கும் அங்கு வேலை கிடைத்தது. குழலும் கிளாரினெட்டும் கைவந்திருந்த அவர் இரவு விடுதிகளில் வாசிப்பதற்காகவே சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். சௌரங்கி வீதியிலிருந்த பிர்போ உணவகத்தின் மேடை, அந்நாளில் கல்கத்தாவின் பணக்காரர்கள் நடனமாட வந்த இடம். பகலில் வங்காளப் பாடல், இரவில் ஜாஸ் என்ற அந்த இரட்டைப் பயிற்சிதான் பிற்காலத்தில் அவரது வாசிப்பின் தனித்தன்மையாயிற்று என்பது எனது எண்ணம்.

1958இல் சலில் சௌத்ரியின் தூண்டுதலால் பம்பாய்க்குப் போனார். எஸ்.டி. பர்மன் இசையமைத்த 'சிதாரோன் ஸே ஆகே' அவரைக் கவனிக்க வைத்தது. அதன்பின் சங்கர்-ஜெய்கிஷன், ஓ.பி. நய்யார், கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்று எல்லோரும் அவரைத் தேடினார்கள். எஸ்.டி. பர்மனின் மகன் ஆர்.டி. பர்மன் தனித்து இசையமைக்கத் தொடங்கிய பின்னர் மனோகரி சிங்கின் இடம் இன்னும் உயர்ந்தது. செலோ வாசித்த பாசு சக்கரவர்த்தி, தபலாவின் மாருதி ராவ் கீர் ஆகியோருடன் சேர்ந்து அவர் ஆர்.டி. பர்மனின் வாத்திய ஒழுங்கமைப்பாளரானார். இசையமைப்பாளரின் மனதில் உள்ள மெட்டை நாற்பது ஐம்பது பேர் வாசிக்கக்கூடிய தாள்களாக மாற்றுவது ஒழுங்கமைப்பாளரின் வேலை. படத்தின் பெயர்ப்பட்டியலில் இவர்கள் 'உதவி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போவார்கள்.

அக்காலத்து ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்பதை இன்றைய இளையோருக்கு விளக்கவேண்டியிருக்கிறது. தார்தேவில் இருந்த பிலிம் சென்டர் போன்ற ஒரு கூடத்தில் வயலின்காரர்கள், தாளக்காரர்கள், ஊதுவோர், பாடகர் எல்லோரும் ஒரே வேளையில் இருப்பார்கள். பாடல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் பதிவாகும். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இருபது விநாடி சாக்ஸபோன் வாசிப்புக்காகக் காத்திருப்பவன் அந்த இருபது விநாடியில் பிசகினால் லதா மங்கேஷ்கர் மறுபடியும் பாடவேண்டும்! இந்த நெருக்கடியில் இசைஞர் ஒருவர் தமது தொனியைப் பல ஆண்டுகள் காப்பாற்றியது சிறிய காரியமல்ல. மனோகரியின் ஆல்டோ சாக்ஸபோன் பெரும்பாலும் இரைவதில்லை. பாடகர் விட்ட இடத்தில் எடுத்து, சொற்கள் இல்லாமல் அடுத்த வரியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மதுவும் இரவும் விடுதியும் வரும் காட்சிகளுக்கென்றே ஹிந்திச் சினிமா ஒதுக்கிவைத்திருந்த கருவியை அவர் பிரிவுத்துயரின் கருவியாகவும் ஆக்கினார்.

இந்த ஒலி துணைக்கண்டமெங்கும் பரவியதில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஓரங்கட்டினார். நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' பம்பாயில் ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்புக்கு வந்து, இலங்கை வானொலியின் சிற்றலையில் மீண்டும் இந்தியாவுக்கே போனது. எனது தலைமுறை கேட்டது அதன் கடைசிக் காலத்தைத்தான். எங்கள் தமிழ்ச் சேவையிலும் மயில்வாகனன் தொடங்கி அப்துல் ஹமீத் வரை அறிவிப்பு ஒரு சடங்குபோல நடந்தது: படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பாடலை எழுதியவர். அந்த ஒழுங்கை நான் இன்றும் மதிக்கிறேன். ஒரு பாடலுக்குப் பின்னால் ஒரு கவிஞன் இருக்கிறான் என்பதை ஊருக்குச் சொன்னது அதுதான். ஆனால் நான்காவது பெயருடன் அறிவிப்பு முடிந்துவிடும். வாத்தியக்காரரின் பெயரை எந்த அறிவிப்பாளரும் சொன்னதில்லை. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. இசைத்தட்டின் உறையில் அச்சிடப்படாத பெயரை அவர்கள் எங்கிருந்து எடுப்பது?

பாடகர்களின் பெயர்கூட ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1949இல் 'மஹல்' படப் பாடல் வெளிவந்தபோது இசைத்தட்டில் பாடியவர் 'காமினி' என்றிருந்தது. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதி எழுதிக் கேட்ட பின்னரே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அவர் அத்துடன் நிற்கவில்லை. பின்னணிப் பாடகருக்கு விருது இல்லாத பிலிம்பேர் மேடையில் பாட மறுத்தார். 1959இல் அந்த விருது வந்தது. 1960களில், பாடகருக்கும் உரிமைத்தொகை வேண்டும் என்ற வாதத்தில் முகம்மது ரஃபியுடன் முரண்பட்டு, இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமலே இருந்தார்கள். நேயர்கள் கேட்டார்கள், பாடகி பிடிவாதமாக நின்றார். அதனால்தான் பாடகர்களுக்குப் பெயர் கிடைத்தது. வாத்தியக்காரருக்காகக் கேட்க ஆளிருக்கவில்லை. அன்றாட அழைப்பை நம்பிப் பிழைப்பவர் பிடிவாதம் பிடித்தால் மறுநாள் அழைப்பு இன்னொருவருக்குப் போய்விடும்.

சட்டம் என்ன செய்தது? இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர்களை முதலில் கண்டுகொள்ளவே இல்லை. 1994இல் கொண்டுவந்த திருத்தம் அவர்களுக்கென்று ஓர் உரிமையை உருவாக்கியது. ஆனால் திரைப்படத்துக்கு வாசிக்க ஒருமுறை சம்மதித்தால் அந்த உரிமை அற்றுப்போகும் என்ற நிலையையும் வைத்திருந்தது. 2012இல் வந்த திருத்தம்தான் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை உண்டு என்றது. மனோகரி சிங் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே திருத்தம் இன்னொரு வாசகத்தையும் சேர்த்தது. திரைப்படமொன்றில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ இடைநிகழ்வாகவோ இருந்து, தொழில்துறையின் வழமைப்படி அவருடைய பெயர் எங்கும் குறிப்பிடப்படாவிட்டால், தமது வாசிப்பைத் திரிக்கக்கூடாது என்று தடுக்கும் உரிமை தவிர வேறெதற்கும் அவர் நிகழ்த்துக் கலைஞராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் சாரம்.

அந்த வாசகத்தை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். கூட்டக் காட்சியில் வந்துபோகும் துணை நடிகரை மனதில் வைத்து அதை எழுதியிருக்கலாம். ஒரு பாடலின் இடையிசையைத் தனியாகத் தாங்கும் சாக்ஸபோனைத் தற்செயலானது என்று எந்த நேர்மையான நீதிபதியும் சொல்லமாட்டார் என்றும் நம்பலாம். இருந்தாலும், பெயர் போடாத வழமை என்பது முதலாளி தரப்பு உண்டாக்கிய வழமை. பெயரைப் போடாதவரே, பெயர் இல்லை என்பதைக் காரணம் காட்டக்கூடிய ஒரு கதவைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது.

'மெட்டு இசையமைப்பாளருடையது, வாத்தியக்காரர் எழுதிக் கொடுத்ததைத்தானே வாசித்தார்?' என்று கேட்பவர்கள் உண்டு. இலண்டனிலும் இதே கேள்வி எழுந்தது. ஜெரி ராஃபர்ட்டியின் 'பேக்கர் ஸ்ட்ரீட்' (1978) பாடலை உலகறியச் செய்த சாக்ஸபோனை வாசித்தவர் ராஃபேல் ரேவன்ஸ்க்ரொஃப்ட். அவருக்குக் கிடைத்தது 27 பவுண் காசோலை என்றும் அதுவும் வங்கியிலிருந்து திரும்பிவந்தது என்றும் ஒரு கதை நெடுங்காலம் உலவியது. அந்த இசைத்தொடரை உருவாக்கியவர் யார் என்பதில் சர்ச்சை இருந்தது. 2011இல் வெளியான மறுபதிப்பில் இருந்த முன்னோட்ட ஒலிப்பதிவில் ராஃபர்ட்டி அதே தொடரை கிட்டாரில் வாசிப்பது கேட்கிறது. ஆகவே மெட்டு அவருடையது என்றே நானும் கொள்கிறேன். ஆனால் அந்தக் கிட்டார் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். சுரங்கள் அதேதான், பாடல் வேறு. சுரத்தை எழுதியவருக்கு எழுதியதற்கான பங்கு. அதற்கு உயிர் கொடுத்தவருக்கு அதற்கான பங்கு. பாடகர் விடயத்தில் எவரும் ஐயுறாத இந்தக் கணக்கு, ஊதுகிறவர் என்று வந்தவுடன் மாத்திரம் ஏன் சிக்கலாகிறது?

மனோகரி சிங்கின் பெயர் முழுக்க மறைந்துபோகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாசு சக்கரவர்த்தியுடன் இணைந்து 'பாசு-மனோகரி' என்ற பெயரில் 1976இல் ஒரு படத்துக்கு இசையமைத்தார். படத்தின் பெயர் 'சப்ஸே படா ருபையா', அதாவது எல்லாவற்றிலும் பெரியது ரூபாய். இசையமைப்பாளராக அவர்கள் நிலைக்கவில்லை. கணினியும் மின்னணு விசைப்பலகையும் வந்து பெரிய வாத்தியக் குழுக்களின் வேலையைப் பறித்தன. ஆர்.டி. பர்மன் 1994இல் மறைந்தார். மதன் மோகனின் பழைய மெட்டுக்களைக் கொண்டு 2004இல் உருவான 'வீர்-ஸாரா'வில் மனோகரியின் வாசிப்பு மீண்டும் இடம்பெற்றது. கடைசி ஆண்டுகளில் ஆர்.டி. பர்மன் இரசிகர்கள் அவரை மேடைக்கு அழைத்து, முன்வரிசையில் நிறுத்தி வாசிக்கவைத்தார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பூத் என்ற ஆய்வாளர், பம்பாய் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சந்தித்து 2008இல் ஒரு முழு நூலே வெளியிட்டார். மனோகரி சிங்கும் அதில் பேசுகிறார். அந்த நூல் இரண்டு ஆண்டுகள் பிந்தியிருந்தால் அந்த நேர்காணல்கள் சில கிடைத்தே இருக்காது.

கோடம்பாக்கத்தின் வாத்தியக்காரர்களுக்கு இப்படி ஒரு நூல் வேண்டும். எமது பக்கத்திலும் கணக்குப் பாக்கி இருக்கிறது. 1970களில் இலங்கை வானொலி வளர்த்த மெல்லிசைப் பாடல்களைப் பாடியவர்கள் பெயரை எனது வயதுக்காரர்கள் ஒப்புவிப்பார்கள். கிட்டார் யார், குழல் யார், டிரம்ஸ் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். அந்தக் கலைஞர்களில் சிலர் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் முதுமையில் இருக்கக்கூடும். யார் எந்தப் பாடலில் எதை வாசித்தார்கள் என்று அறிந்தவர்கள், அல்லது அறிந்த ஒருவரின் வீட்டுக்குப் போய்வரக்கூடியவர்கள், தயவுசெய்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். பாடலின் பெயர், ஒலிப்பதிவான ஆண்டு, வாத்தியம், வாசித்தவர் பெயர் என்ற நான்கும் இருந்தால் இப்போதைக்குப் போதும்.