அணு ஆயுதத்துக்கும் ஒரு ‘கட்-ஆஃப்’ தேதி: அதை எதிர்த்த திருச்சிக்காரர்

1960 பிப்ரவரி 13. சகாரா பாலைவனத்தில் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அப்போது புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால், சட்டப்படி அது இன்னும் பிரெஞ்சு மண்தான். 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முழுமையாகக் கைமாறியது. அதாவது, காகிதத்தில் இரண்டரை ஆண்டுகள் புதுச்சேரி ஓர் அணு ஆயுத நாட்டின் பகுதி!

உலக அணு அரசியலும் இப்படியொரு தேதிக் கணக்கில்தான் நிற்கிறது.

எந்தத் தேதி அது?

1968-ல் கையெழுத்துக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1-க்கு முன்பு குண்டு வெடித்தவர்களை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா. அவ்ளோதான். 1974-ல் சோதித்த இந்தியா ‘லேட்’.

எதிர்த்தவர் யார்?

1929-ல் திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர், வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. டெல்லியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ.வுக்கு இரண்டு முறை இயக்குநராக இருந்தார்.

அவர் வாதம் சிம்பிள்: ஐந்து பேர் குண்டை வைத்துக்கொண்டு மற்றவர்களை மட்டும் தடுப்பது பரவல் தடை அல்ல, ஏகபோகம். பக்கத்தில் சீனா 1964-லேயே சோதித்துவிட்டது. எனவே, இந்தியா கையெழுத்திடக் கூடாது.

அப்போ, குண்டு போடச் சொன்னாரா?

இல்லை. அணு ஆயுதம் போர் செய்வதற்கல்ல, அடுத்தவர் போடாமல் தடுப்பதற்கு என்பதே அவர் நிலைப்பாடு. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, அவர் தலைமையிலான ஆலோசனைக் குழு 1999 ஆகஸ்டில் வரைவுக் கொள்கையை வெளியிட்டது. முதலில் பயன்படுத்த மாட்டோம். தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவே வைத்திருப்போம் என்றது அது. 2003 ஜனவரியில் மத்திய அரசு இவ்விரண்டையும் அதிகாரபூர்வக் கொள்கையாக்கியது. பிரான்ஸிடம் இன்றுவரை அப்படியொரு வாக்குறுதி இல்லை.

இப்போது ஏன் பேச்சு?

2008-ல் அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் இந்தியாவுக்கு விதிவிலக்கு அளித்தன. ஒப்பந்தத்தில் சேராமலேயே அணுமின் வர்த்தகக் கதவு திறந்தது. முதலில் கையெழுத்திட்ட நாடு எது தெரியுமா? பிரான்ஸ்!

சுப்ரமணியம் எதிர்த்த விதி அப்படி வளைந்தது. அவர் எழுதிய விதியோ இப்போது கேள்விக்குள்ளாகிறது. ‘முதலில் பயன்படுத்த மாட்டோம்’ கொள்கையின் எதிர்காலம் சூழலைப் பொறுத்தது என்று 2019-ல் பொக்ரானில் ராஜ்நாத் சிங் சொன்னார். 2025 மே மாத மோதலின்போதும் இந்த விவாதம் திரும்ப வந்தது.

இந்த வாக்குறுதியின் பயன் என்ன? ‘இந்தியா முந்திக்கொள்ளுமோ’ என்ற பயத்தில் எதிரி அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. பதற்றமான இரவில் அந்தச் சில நிமிட நிதானம்தான் பாதுகாப்பு. சுப்ரமணியம் 2011-ல் மறைந்தார். கொள்கை இன்னும் மாற்றப்படவில்லை.