நிலத்தின் குரல்

பழந்தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தபோது, மரம், பூ, விலங்கு ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருள்களாக எண்ணினர். முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. நிலம் என்பது கண்ணால் காண்பது மட்டுமன்று, காதால் கேட்பதும் ஆகும் என்னும் தெளிவு இப்பகுப்பில் அடங்கியுள்ளது. இன்று அத்தெளிவையே தொழிலாகக் கொண்டவர் கள ஒலிப்பதிவாளர். அவருடைய உழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிட்டவில்லை. அதனால் நேரும் இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவருக்கும் உரியது.

களந்தோறும் ஒரு கல்வி

கள ஒலிப்பதிவாளருள் பலர் எந்நிறுவனத்திலும் மாத ஊதியம் பெறுபவர் அல்லர். அழைக்கும் இடத்திற்குத் தம் கருவிகளைச் சுமந்து செல்பவர். ஒருநாள் திரைப்படத் தளம். மறுநாள் உப்பளத் தொழிலாளியின் நேர்காணல். அடுத்த இரவு விடியும்வரை நிகழும் தெருக்கூத்து. களம் மாறும்போது பணியின் தன்மையும் மாறுகிறது. உப்பளத்தில் கடற்காற்றே பகை. அங்கு ஒலிவாங்கிக்கு மயிரடர்ந்த உறை அணிவிக்க வேண்டும். கூத்துக்களத்தில் முகவீணையும் மத்தளமும் உச்சத்தை எட்டும்போது ஒலி சிதையக் கூடாது. கட்டியங்காரனின் தாழ்ந்த பேச்சு அமிழ்ந்துபோகவும் கூடாது. வீட்டினுள் நடக்கும் நேர்காணலிலோ குளிர்பதனப் பெட்டியின் முரலல் குறுக்கிடும். அதை அணைத்துவிட்டு, மீண்டும் இயக்க மறவாதிருக்கத் தம் வண்டிச் சாவியை அப்பெட்டிக்குள்ளேயே வைப்பது இத்தொழிலில் வழங்கும் எளிய உத்தி.

திறந்தவெளியில் பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவு இருமடங்கானால், குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. சுற்றுப்புற இரைச்சலோ குறைவதில்லை. அதனாலேயே நீண்ட கோலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து, ஒலிவாங்கி படச்சட்டத்திற்குள் விழாத எல்லைவரை குரலை நெருங்குகின்றனர். காட்சி முடிந்தபின் அனைவரையும் அசையாமல் நிற்கச் செய்து, அரை நிமிடமேனும் அவ்விடத்தின் அமைதியைப் பதிவு செய்கின்றனர். ஓரிடத்தின் அமைதி மற்றோரிடத்தின் அமைதி போன்றதன்று. உரையாடலை வெட்டி இணைக்கும்போது தோன்றும் வெற்றிடத்தை, அந்த இடத்தின் அமைதியால்தான் இயல்பாக நிரப்ப முடியும்.

பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாமா?

1931இல் வெளிவந்த 'ஆலம் ஆரா' படத்தில் நடிக்கும்போதே ஒலியும் பதிவு செய்யப்பட்டது. அருகில் ஓடிய தொடர்வண்டிகளின் ஓசையைத் தவிர்க்கப் பெரும்பாலும் இரவில் படம்பிடித்தனர். ஒலிக்காகப் படப்பிடிப்பே தன் நேரத்தை மாற்றிக்கொண்ட காலம் அது. பிற்காலத்தில் குரலை ஒலிக்கூடத்தில் தனியே சேர்க்கும் முறை பரவியது. அதனோடு, களத்தில் எவ்வளவு இரைச்சல் எழுந்தாலும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் மனப்போக்கும் வளர்ந்தது.

ஒலிக்கூடத்தின் பயனை மறுக்க இயலாது. நடிகர் தம் வசனத்தை மீண்டும் பேசலாம், பிழையைத் திருத்தலாம். ஆயினும் நடிப்பின்போது எழுந்த மூச்சும் தழுதழுப்பும் குளிரூட்டிய அறையில் அப்படியே திரும்புவது அரிது. 'லகான்' (2001), 'விருமாண்டி' (2004) போன்ற படங்கள் களத்திலேயே ஒலியைப் பதிவு செய்யும் முறையைத் தேர்ந்தன. மும்பையின் நெரிசலில் படமாக்கப்பட்ட 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிப்பணிக்காக, 2009இல் ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். இரைச்சல் மிகுந்த நாட்டில் இப்பணி இயலாது என்னும் கூற்றுக்கு இதுவே விடை.

ஆவணப்படத்திலோ 'பின்னர்' என்பதே இல்லை. மூதாட்டி ஒருவர் தம் நினைவிலிருந்து பாடும் ஒப்பாரியை ஒலிக்கூடத்தில் வேறொருவர் பாடி ஈடுசெய்ய முடியாது. அவர் மறைந்தபின், எஞ்சியிருப்பது அன்று பதிவானது மட்டுமே. அருகில் ஓடிய மின்னாக்கியின் இரைச்சலில் அவ்வொலி மூழ்கியிருந்தால், ஒரு பாடலோடு ஒரு வட்டாரத்தின் சொற்களும் மறைந்துபோகின்றன.

செவிக்குரிய ஊதியம்

இத்தகைய பொறுப்பைச் சுமப்பவரின் வாழ்க்கையோ நிலையற்றது. கருவிகளின் விலை, பழுது, பயணச் செலவு ஆகியவற்றைப் பெரும்பாலும் அவரே ஏற்கிறார். வேலையற்ற நாளுக்கு ஊதியம் இல்லை. முடித்த வேலைக்கான ஊதியமும் சிலவேளை மாதங்கள் கடந்தே வருகிறது. அவருடைய முதலீடு கருவி மட்டுமன்று, செவியும்தான். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபல்லுக்கு மேற்பட்ட ஓசையைக் கேட்பது செவித்திறனுக்குத் தீங்கு தரும். கேட்கும் திறன் குன்றினால், தொழிலே கைவிட்டுப்போகும்.

இந்நிலை மாறப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. படப்பிடிப்புக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒளிப்பதிவாளரோடு ஒலிப்பதிவாளரையும் அழைத்துச் செல்லலாம். ஊதியத்தையும் அதை வழங்கும் நாளையும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யலாம். அவர் அமைதி கேட்கும் ஒரு நிமிடத்தைத் தாமதமாகக் கருதாமல், பணியின் பகுதியாக ஏற்கலாம். காட்சிக்கு விளக்கமைக்க மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு, ஒலிக்காக ஒரு நிமிடம் காத்திருப்பது அரிதன்று.

கல்வெட்டும் ஓலைச்சுவடியும் முன்னோரின் சொற்களைக் காத்துத் தந்தன. அவர்களின் குரலைக் காத்துத்தர அன்று வழியில்லை. இன்று வழி உண்டு. உழவரின் பேச்சும் கூத்தரின் பாட்டும் வருங்காலத் தலைமுறையின் செவியை அடைய வேண்டுமெனில், அவற்றைக் கேட்டுப் பதிவு செய்பவரை வாழவைப்பது இத்தலைமுறையின் கடமையாகும்.