அடுப்படிக்கு ஆகாத தீயணைப்பான்

அலுவலகம், மருத்துவமனை, சத்துணவுக் கூடம், மாணவர் விடுதி என எல்லா இடத்துக்கும் ஒரே வகைத் தீயணைப்பானை மொத்தமாக வாங்குவது என்ற முடிவில் மாற்றமில்லை என்று நிர்வாகத்தினர் அறிவித்துவிட்டார்கள். ஆறு கிலோ ஏபிசி பொடி அடைத்த அந்தச் சிவப்புக் கலத்துக்கு அவர்கள் சொல்லும் நியாயங்கள் மூன்று: விலை குறைவு, பராமரிப்பு எளிது, எந்தத் தீயையும் அணைக்கும். முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவது தவறு. அந்தத் தவறின் மேல்தான் இந்தக் கொள்முதல் முழுவதும் நிற்கிறது.

கலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தாலே இது விளங்கும். மரம், காகிதம், துணி பற்றினால் ‘ஏ’; பெட்ரோல், டீசல், பெயின்ட் போன்றவை பற்றினால் ‘பி’; எரிவாயு பற்றினால் ‘சி’. கொதிக்கும் சமையல் எண்ணெயில் பிடிக்கும் தீயை இவற்றோடு சேர்த்துப் பார்க்க முடியாது என்பதால்தான் ஐரோப்பிய நாடுகள் அதை ‘எஃப்’ என்றும், அமெரிக்கா ‘கே’ என்றும் தனி வகையாக்கி, அதற்கெனத் தனிக் கருவியும் வைத்திருக்கின்றன. நம் நாட்டின் ஐஎஸ் 2190 தரநிலையும் தீயின் தன்மையைப் பார்த்தே கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. மொத்த விலையைப் பார்த்து அல்ல.

எண்ணெய்த் தீயின் ஆபத்து அதன் வெப்பத்தில் இருக்கிறது. பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிப் பற்றும். சமையல் எண்ணெய் தானாகப் பற்ற வேண்டுமானால் 340 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய வேண்டும். அதனால் பற்றுகிற நேரத்தில் சட்டியிலுள்ள எண்ணெய் முழுவதும் அந்த வெப்பநிலையில் இருக்கும். பொடியை அடித்தால் சுவாலை அடங்கும், எண்ணெய் குளிராது. புகை விலகிக் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். ஆறு கிலோ கலம் இருபது வினாடிக்குள் ஏறக்குறைய காலியாகிவிடும். இரண்டாவது முறை பற்றும்போது கையில் இருப்பது வெறும் இரும்பு. போதாததற்கு, பொடி பீறிடும் வேகத்தில் எரியும் எண்ணெய் சட்டியை விட்டுத் தெறித்து, அடிப்பவர் மேலேயே விழக்கூடும்.

இந்தத் தீக்கு உரியது ஈர ரசாயனக் கருவி. பொட்டாசியம் உப்புகள் கரைந்த நீரை அது மெல்லிய தூவலாக எண்ணெய் மேல் படியவைக்கும். எண்ணெயும் உப்பும் சேர்ந்து சோப்பு நுரைபோல ஒரு படலம் உண்டாகிக் காற்றைத் தடுக்கும். தூவலில் உள்ள நீர் எண்ணெயைக் குளிர்விக்கும். ஏபிசி பொடியில் இருக்கும் மோனோ அமோனியம் பாஸ்பேட் அமிலத்தன்மை உடையது. அதனால் இந்தப் படலம் உருவாகாது. சமையற்கட்டுக்கு எது வேண்டுமோ அது அந்தக் கலத்தில் இல்லவே இல்லை.

மாணவர் விடுதி ஒன்றின் சமையற்கட்டைப் பாருங்கள். பூரி பொரிக்கும் பெரிய இருப்புச் சட்டி, அதன் அடியில் இரைச்சலோடு எரியும் பர்னர். தீயணைப்பான் மாட்டியிருப்பது அடுப்புக்கு நேர் பின்சுவரில். சட்டி பற்றினால் தீயைத் தாண்டிக் கை நீட்டித்தான் அதை எடுக்க வேண்டும். எப்படி இயக்குவது என்ற குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. பதற்றத்தில் அவர் பக்கத்திலிருக்கும் குடத்து நீரைத்தான் எடுத்து ஊற்றுவார். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும். எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும். கேஸை மூடு, சட்டியைத் தட்டையான மூடியால் மூடு, ஆறும்வரை திறக்காதே. இந்த மூன்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? கேஸ் கசிந்து எரிந்தால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும், கசிவு நிற்காமல் சுவாலையை மட்டும் அணைத்தால் வாயு தேங்கி வெடிக்கும் என்பதையாவது யாரேனும் சொன்னார்களா?

மற்ற இடங்களிலும் இதே குறைதான். மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் பொடி அடித்தால், தீயில் தப்பிய கருவியும் ஈரம் பட்டு அரித்துப் போகும். அங்கே தேவை கார்பன் டை ஆக்சைடு. பதிவேட்டு அறையில் கட்டுக் கட்டாகக் கனலும் காகிதத்தைக் குளிர்விக்க நீர் வேண்டும். மூடிய அறையில் பொடி பரவினால் வாசல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுத் தரநிலை கட்டடங்களுக்குள் பொடிக் கருவிகளைப் பொதுவாகத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிபுணர்களைக் கேட்காமல் முடிவெடுப்பதும், உயிர்கள் போன பிறகு விழித்துக்கொள்வதும் இந்த நிர்வாகத்துக்குப் பழகிப்போனவை. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கீற்றும் தீயும் ஒரே இடத்தில் இருக்கலாகாது என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் பள்ளிகளின் கூரையை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆறே மாதத்தில், ஜூலை 16 அன்று, கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் கருகினார்கள். அந்தத் தீ தொடங்கிய இடம் பள்ளியின் சமையற்கூடம். பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்றை இறக்கும் வேலை அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தின் பழமையான மஹால் எரிந்தது. அரசுக் கோப்புகள் சாம்பலாயின. அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரைக் கொடுத்தார்.

ஒவ்வொரு முறையும் விசாரணை, அறிக்கை, சுற்றறிக்கை. ஒவ்வொரு முறையும் அவை அலமாரிக்குள் போயின. கும்பகோணத்துப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறவர்கள், ஒரு சமையற்கட்டில் எப்படிப்பட்ட தீ பிடிக்கும் என்பதைக்கூட விசாரிக்காமல் கொள்முதலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இதை அலட்சியம் என்று சொன்னால் போதாது. சமைக்கிறவர்களின் உயிரும், அந்தச் சோற்றை உண்ணக் காத்திருக்கும் பிள்ளைகளின் உயிரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வாங்குவதற்கு முன் தீயணைப்புத் துறையினரோடும், அடுப்படியில் வேலை செய்வோரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தந்த இடத்துக்கு உரிய கருவியும், அதைக் கையாளும் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும். அதுவரை இந்தக் கொள்முதல் நிற்கட்டும். எண்ணெய்த் தீயை அணைக்க முடியாத கருவியைச் சமையற்கட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் பாதுகாப்பு செய்து கொடுத்துவிட்டோம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இந்த முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும்.