காமிரா முக்காலிக்கு எந்தப் பூட்டு நல்லது?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். எவ்வளவு பெரிய தேராக இருந்தாலும், அதன் சக்கரம் கழலாமல் காப்பது ஒரு சிறிய ஆணிதான்.

காமிராவுக்கும் அப்படி ஓர் அச்சாணி உண்டு. அதுதான் முக்காலியின் கால் பூட்டு!

இன்று தஞ்சை வட்டாரத்தில் காமிரா இல்லாத கல்யாணம் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம் எதுவானாலும் படம் பிடிப்பவர் வந்து நிற்கிறார். அவர் கையில் இருப்பது பல சமயம் லட்ச ரூபாய்க் காமிரா. கடன் வாங்கி வாங்கிய காமிராவாகவும் இருக்கலாம். அந்தக் காமிராவை வாங்க அவர் பல மாதம் யோசித்திருப்பார். அதைத் தாங்கும் முக்காலியையோ கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வந்திருப்பார்!

தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் கொட்டுகிறது. அந்த நொடியில் முக்காலியின் ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கினால் என்ன ஆகும்? படம் சாயும். காமிராவே விழுந்தாலும் விழும். காமிராவைப் பழுது பார்க்கலாம். போன முகூர்த்தத்தை யாரால் திருப்பிக் கொண்டுவர முடியும்?

மூன்று விதப் பூட்டுகள்

முக்காலியின் ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனது. குழாயை வேண்டிய அளவு இழுத்து, அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் பூட்டின் வேலை.

காலுக்கு 3 குழாய் என்றால் மொத்தம் 6 பூட்டு. காலுக்கு 4 குழாய் என்றால் 9 பூட்டு. அந்த ஒன்பதில் ஒன்று தளர்ந்தாலும் போதும், காமிரா சாய்ந்துவிடும்!

பூட்டுகள் மூன்று விதம்.

முதலாவது குமிழ்ப் பூட்டு. நிற்கும் மின்விசிறியின் உயரத்தை ஒரு குமிழைத் திருகி நிறுத்துகிறோம் அல்லவா? அதே முறைதான். பழைய முக்காலிகளில் இது அதிகம். திருகு ஒரே இடத்தில் அழுத்துவதால் நாளடைவில் குழாயில் பள்ளம் விழலாம். ஒவ்வொன்றாகத் திருகுவதற்கும் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது திருகு பூட்டு. கடையில் 'ட்விஸ்ட் லாக்' என்பார்கள். பாட்டில் மூடியைத் திருகுவதுபோல, குழாயைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருக வேண்டும். உள்ளே இருக்கும் வளைந்த பட்டை குழாயைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும்.

மூன்றாவது கொக்கிப் பூட்டு. இதற்கு 'பிளிப் லாக்' என்று பெயர். டிபன் கேரியரின் பக்கக் கொக்கியை அழுத்தி மூடுவதுபோல மூடினால் போதும். 'டக்' என்ற ஓசையோடு பூட்டிக்கொள்ளும்.

இன்றைய போட்டி பின்னால் சொன்ன இரண்டுக்கும் இடையேதான்.

பெரிய கோயில் சொல்லும் பாடம்

சிறிய பொருளை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு.

1808-ம் ஆண்டு. இந்தியாவை அளந்து வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தார் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவரிடம் தியோடலைட் என்னும் பெரிய அளவைக் கருவி இருந்தது. அதன் எடை ஏறக்குறைய அரை டன்! தஞ்சைச் சமவெளியில் குன்று ஏது? ஆகவே பெரிய கோயில் விமானத்தின் மேலே அதை ஏற்ற முயன்றார்கள். கயிறு அறுந்தது. கருவி விமானத்தில் மோதிச் சேதமடைந்தது. லாம்ப்டன் வாரக் கணக்கில் உழைத்து அதைச் சரி செய்ய வேண்டியதாயிற்று.

பழுது கருவியிலா இருந்தது? இல்லை. அதைப் பிடித்திருந்த கயிற்றில்!

அதற்கு 50 ஆண்டுகள் கழித்து, 1858-ல், லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் அதே கோயிலைப் படம் பிடித்தார். கோயிலின் அடிப்பகுதியில் நீளமாக ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது! இப்படிப்பட்ட வேலையில் காமிராவை நகர்த்தி நகர்த்தி நிறுத்தவேண்டும். இடையில் கால் ஓர் அங்குலம் இறங்கினாலும் கல்வெட்டின் வரி வரியோடு சேராது. காமிராவின் கால் அசையாமல் நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சேறும் மணலும்

நம் ஊருக்கு ஏற்ற பூட்டு எது? என் கருத்து கொக்கிப் பூட்டுதான்.

முதல் காரணம், கண்ணால் பார்த்தாலே தெரியும். கொக்கி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது பத்தடி தூரத்திலிருந்தே விளங்கும். இருட்டில் தடவிப் பார்த்தாலும் விளங்கும். திருகு பூட்டோ இறுகியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும் ஒரே தோற்றம்தான். அதிகாலை முகூர்த்தத்தில், ஜனக் கூட்டத்தில், அவசரத்தில் வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி.

இரண்டாவது காரணம் காவிரி. கோடையில் ஆறு முழுவதும் மணல். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால், வரப்பு எங்கும் சேறு. ஆடிப் பெருக்கைப் படம் பிடிக்கப் படித்துறைக்கும், நடவைப் படம் பிடிக்க வயலுக்கும் முக்காலி போகிறது. திருகு பூட்டின் மரையில் மணல் புகுந்தால் நறநறவென்று சிக்கும். கொக்கிப் பூட்டில் திருகும் வளையம் இல்லாததால் அந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது காரணம், கொக்கி தளர்ந்தால் நாமே இறுக்கிக்கொள்ளலாம். நல்ல கொக்கிப் பூட்டில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதைச் சாவியால் கொஞ்சம் முடுக்கினால் பிடிப்பு திரும்பிவிடும்.

மறுபக்கமும் உண்டு

திருகு பூட்டுக்கு நல்ல குணமே இல்லையா? உண்டு! அதில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் இல்லை. மாலை நாரும் புடவைத் தலைப்பும் மாட்டாது. விரல் நசுங்காது. ஓசையும் இல்லை. திருவையாறு ஆராதனையில் பாட்டு நடக்கும்போது 'டக்', 'டக்' என்று கொக்கி போட்டால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார் அல்லவா?

கோடியக்கரைக்குப் பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கும் திருகு பூட்டே ஏற்றது. உப்பு நீர் கொக்கியின் இரும்பு ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும். திருகு பூட்டை முழுவதும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காய வைக்கலாம். ஆனால் அந்தப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவருக்குத் திருகு பூட்டு ஆகாது.

வாங்கும்போது கவனியுங்கள்

கால்களை முழுவதும் இழுத்துப் பூட்டுங்கள். முக்காலியின் தலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நன்றாக அழுத்துங்கள். கால் இறங்கினால் அந்த முக்காலி வேண்டாம்.

கொக்கிப் பூட்டு என்றால் முடுக்கும் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தளர்ந்த பிறகு குப்பைக்குத்தான் போகும்.

4 குழாய்க் காலைவிட 3 குழாய்க் கால் மேல். பூட்டுகள் குறைந்தால் கவலையும் குறையும்.

வழக்கமாகத் தடித்த குழாயை முதலில் இழுக்க வேண்டும். மெல்லிய குழாய் கடைசியில்தான். சேற்றிலும் தண்ணீரிலும் மட்டும் இதை மாற்றுங்கள். அடியில் உள்ள மெல்லிய குழாயை முதலில் இழுத்தால், பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும்.

கைபேசிக்கு வாங்கும் சிறு முக்காலிக்கும் இதே பரீட்சைதான்.

இன்னொன்று. பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை. அதை மறக்கவேண்டாம்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. முக்காலி நிற்கும் இடத்தில் குழந்தைகளை ஓடி விளையாட விடாதீர்கள். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், காலைத் தட்டிவிட்டால் அது என்ன செய்யும்?

காமிரா வாங்கப் பணம் சேர்க்கும் தம்பிகளே! அதில் ஒரு பங்கை முக்காலிக்கு ஒதுக்குங்கள். உங்கள் பிழைப்பு அந்த மூன்று கால்களின்மேல்தான் நிற்கிறது.