தாது ஒரு மண்ணில், தொழில் வேறு மண்ணில்

கனிமவளம் மிக்க பகுதியில் தொழில் தொடங்குவதன் ஆதாயத்தைப் பொருளியல் வகுப்புகளில் நாம் ஆல்ஃபிரட் வெபரின் துணையோடு விளக்குகிறோம். ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் இரும்புத் தாது வேண்டும்; நிலக்கரியோ எரிந்தே போய்விடும். ஆகவே ஆலை தாதுவை நாடிச் செல்வதே சிக்கனம். 1904இல் நிலவியலாளர் பி. என். போஸ் மயூர்பஞ்சின் தாதுவைப் பற்றி ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு எழுதிய கடிதமும், அதன் பின் சாக்சி என்னும் சிற்றூர் ஜாம்ஷெட்பூராக மாறியதும் இதற்கு வழக்கமான சான்றுகள்.

வகுப்பில் நாம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இந்த ஆதாயத்தை ஓர் அரசாணையால் அழித்துவிட முடியும். 1950களில் நடைமுறைக்கு வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை அதைத்தான் செய்தது. எஃகை டாடாநகரில் வாங்கினாலும் மும்பையில் வாங்கினாலும் விலை ஒன்றே. நாடு முழுவதும் சமச்சீராக வளர வேண்டும் என்ற நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அருகில் இருந்து வாங்கியவர், தொலைவில் இருந்தவரின் ரயில் கட்டணத்தில் ஒரு பங்கைச் சுமந்தார். பருத்திக்கு அத்தகைய சமன்பாடு ஏதுமில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. ரூர்கேலாவிலும் பிலாயிலும் பொகாரோவிலும் உருக்காலைகள் எழுந்தன. எஃகைக் கொண்டு இயந்திரமும் உதிரிபாகமும் செய்யும் தொழில்களோ, சில விதிவிலக்குகள் தவிர, துறைமுகமும் சந்தையும் வங்கிக் கடனும் இருந்த மேற்கிலும் தெற்கிலும் பெருகின. மிகுதியான வேலைவாய்ப்பும் கைத்திறனும் அந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பொறியியல் வளர்ச்சியை நம் தொழில்முனைவோரின் திறமையாக மட்டுமே எழுதிப் பழகிய நாம், இந்தக் கணக்கையும் ஒப்புக்கொள்வது நேர்மை.

1990களின் தொடக்கத்தில் எஃகுக்கான சமன்பாடு நீக்கப்பட்டபோது, தொழிற்பேட்டைகளும் அவற்றைச் சார்ந்த தொழிலாளர் குடியிருப்புகளும் வேறிடங்களில் வேரூன்றி நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. விலை மாறியதும் அவை இடம் பெயரவில்லை.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமைகளின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இவ்வரி முதலீட்டாளரை விரட்டிவிடும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. தாதுவை இடம் மாற்ற யாராலும் இயலாது. ஆனால் அந்த வருவாய் சாலைகளுக்கும் கட்டடங்களுக்குமே செலவானால், கிழக்கிந்தியா இன்னொரு தலைமுறைக்கும் மூலப்பொருள் அனுப்பும் பகுதியாகவே நீடிக்கும். சிங்பூமின் இளைஞர் கடைசல் பட்டறை வேலை தேடி ஆயிரம் மைல் ரயிலேறாதிருக்க, அப்பட்டறை சிங்பூமிலேயே அமைய வேண்டும். வரிப்பணம் முதலில் செல்லவேண்டிய இடம் அதுவே.