பழகப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள்

மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்களுக்குச் சில சொற்கள் விடாமல் தொல்லை கொடுக்கும். இன்டர்ன்ஷிப் அவற்றில் ஒன்று. ஒரு நாளிதழ் 'உள்ளகப் பயிற்சி' என்று எழுதுகிறது. இன்னொன்று 'உள்ளிருப்புப் பயிற்சி' என்கிறது. படிப்பவருக்குத் தொழிற்சங்கங்களின் உள்ளிருப்புப் போராட்டம் நினைவுக்கு வந்தால் அது அவர் குற்றமல்ல. 'உள்ளுறைப் பயிற்சி' என்றும் ஒன்று உண்டு. இலக்கணம் படித்தவர்களுக்கு உள்ளுறை என்றால் உவமம்தான்: வெளியே சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இன்று நடக்கும் பல இன்டர்ன்ஷிப்களைப் பார்த்தால் இந்தச் சொல்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

இவற்றைவிட நல்ல சொல் ஒன்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப் பெயரிலேயே இருக்கிறது. அப்ரன்டிஸ்களைப் பற்றிய சட்டம் அது. தமிழில் தொழிற்பழகுநர் சட்டம். பழகுநர்! வேலையோடும், கருவியோடும், மனிதர்களோடும் பழகுகிறவர். பழக்கம் ஒரே நாளில் வராது. பக்கத்தில் யாராவது இருந்து பழக்கிவிட வேண்டும். இந்தச் சொல்லுக்குள் அதெல்லாம் அடங்கியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் கோடை விடுமுறை தொடங்கியதும் கழக்கூட்டம் பக்கம் போகும் பஸ்களில் புதுமுகங்கள் தெரிய ஆரம்பிக்கும். கழுத்தில் புது அடையாள அட்டை, தோளில் கம்ப்யூட்டர் பை. 1990ல் தொடங்கிய டெக்னோபார்க் அங்கேதான் இருக்கிறது. மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிற நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வசதியும் மதிப்பெண்ணும் கூடினவர்களின் பேச்சில் கழக்கூட்டம் இருக்காது. ஜெர்மனி இருக்கும், சிங்கப்பூர் இருக்கும். விசா வந்துவிட்டதா, டிக்கெட் எவ்வளவு, குளிர் தாங்குமா, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று வீடே கேட்கிறது. 'எங்கே போகிறாய்' என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். 'திரும்பி வந்து என்ன செய்யப் போகிறாய்' என்று கேட்பவர் குறைவு.

அந்தக் கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய சிலரின் கதை, டெக்னோபார்க்கிலிருந்து கடலை நோக்கிச் சில கிலோமீட்டர் நடந்தால் கிடைக்கும். தும்பாவில்.

1962ல் விக்ரம் சாராபாயின் தலைமையில் இந்திய விண்வெளி ஆய்வுக் குழு அமைந்தபோது நம்மிடம் ராக்கெட்டும் இல்லை, ராக்கெட் விடத் தெரிந்தவர்களும் இல்லை. இருந்தது இடம். பூமியின் காந்த நடுக்கோடு அப்போது தும்பாவை ஒட்டிச் சென்றது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய உலக விஞ்ஞானிகளுக்கு ஆசை. தரையிலிருந்தும் அதைச் சரியாக ஆராய முடியாது, செயற்கைக்கோளிலிருந்தும் முடியாது. சிறிய ராக்கெட்டில் கருவியை வைத்து அந்த உயரத்துக்கு அனுப்பினால்தான் உண்டு. ஆக, அமெரிக்கா கருவியும் பயிற்சியும் கொடுத்தது தர்மத்துக்காக அல்ல. அவர்களுக்கும் இங்கே வேலை இருந்தது.

நாசாவில் பழகுவதற்கு ஒரு சிறு குழு தேர்வானது. அப்துல் கலாம், ஆர். ஆராவமுதன், டி. ஈஸ்வரதாஸ், பிரமோத் காலே, ராமகிருஷ்ண ராவ், எச்.ஜி.எஸ். மூர்த்தி ஆகியோர் அதில் இருந்தார்கள். இவர்கள் மாணவர்கள் அல்ல என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், பலர் ஏற்கனவே அரசு வேலையில் இருந்தவர்கள். ஆனால் ராக்கெட் விஷயத்தில் அத்தனை பேரும் முதல் வகுப்புப் பிள்ளைகள்.

கலாமுக்கு அது முதல் பழகும் அனுபவமும் அல்ல. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாமல் நின்றபோது அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும். படிப்பு முடிந்து அவர் போனது பெங்களூர் எச்.ஏ.எல்.லுக்கு, டிரெய்னியாக. விமான என்ஜின்களைப் பிரித்துச் செப்பனிடும் பிரிவு. கல்லூரி வாசலை மிதிக்காத, ஆனால் என்ஜினைக் கையால் அறிந்த தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு நின்று வேலை பார்த்ததைப் பிற்காலத்தில் அவர் மறக்காமல் எழுதினார். பழகுநருக்கு ஆசிரியர் யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்பது அங்கே கிடைத்த பாடம்.

1963ல் அமெரிக்கா புறப்பட்டபோது பம்பாய் விமான நிலையத்தில் அவரை வழியனுப்ப ராமேஸ்வரத்திலிருந்து மைத்துனர் ஜலாலுதீனும் உறவினர் சம்சுதீனும் வந்தார்கள். இவருக்கு நியூயார்க் எவ்வளவு புதிதோ, அந்த இருவருக்கும் பம்பாய் அவ்வளவு புதிது. வெளிநாட்டுப் பயணம் ஒருவர் மட்டும் செய்வதில்லை. குடும்பமும் ஊரும் பாதி தூரமாவது கூடவே போகின்றன.

போன இடத்தில் பளபளப்பு ஒன்றும் இல்லை. வாலப்ஸ் தீவு, விர்ஜீனியா மாநிலத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ராக்கெட் தளம். கலாமும் ஆராவமுதனும் சைவம். சிற்றுண்டிச் சாலையில் அவர்களுக்குக் கிடைத்தது மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பீன்ஸ், பட்டாணி, ரொட்டி, பால். பக்கத்து ஊரான போகோமோக் சிட்டியும் கொஞ்ச தூரம். வார இறுதியின் தனிமையைப் பற்றி ஆராவமுதன் பிற்பாடு எழுதியிருக்கிறார். இன்று ஐரோப்பாவின் ஏதோ ஒரு சிறு நகரில் அறையெடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்க்கும் மாணவருக்கு இது அன்னியமாக இருக்காது. வித்தியாசம், அவர்களிடம் செல்போன் இல்லை.

வாலப்ஸ் வரவேற்பறையில் ஒரு ஓவியம் மாட்டியிருந்தது. பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களக் காட்சி. வீரர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, மாநிறம். அது திப்பு சுல்தானின் படை பிரிட்டிஷாரோடு மோதும் காட்சி என்பதைக் கலாம் கிட்டே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டார். சொந்த ஊரில் மறந்துபோனதை உலகத்தின் மறுகோடியில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்ற வியப்பு அவரை விடவில்லை. வெளியூர் போனால்தான் சில சமயம் வீடு கண்ணில் படுகிறது.

அங்கே அவர்கள் பழகியது ராக்கெட் செய்வதை அல்ல, ராக்கெட் விடுவதை. காற்றை அளந்து ஏவுமேடையின் கோணத்தைத் திருத்துவது, ரேடாரில் ராக்கெட்டைத் தொடர்வது, அது வானொலி வழியாக அனுப்பும் தகவலைப் பிடிப்பது, யார் எங்கே நிற்க வேண்டும், யார் நிற்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஒழுங்கு. சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரு காரியத்துக்கு எத்தனை வாரம் தயாராக வேண்டும் என்ற நிதானம்தான் உண்மையான பாடம்.

திரும்பி வந்தபோது தும்பாவில் காத்திருந்தது தென்னந்தோப்பும் புனித மேரி மக்தலேனா தேவாலயமும். பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேரா மக்களிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுக்க, மீனவக் குடும்பங்கள் வீட்டையும் கோயிலையும் விட்டு வேறு இடத்துக்குப் போயிருந்தன. தேவாலயம் ஆய்வுக்கூடமானது. பிஷப்பின் அறை வரைபடக் கூடமானது. கலாமும் ஆராவமுதனும் திருவனந்தபுரத்தில் லாட்ஜில் தங்கினார்கள். தும்பாவில் கேன்டீன் கிடையாது. ரயில் நிலைய உணவகத்தில் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது வழக்கம். நாசா பார்த்து வந்தவர்கள் என்று ஊரில் யாரும் மாலை போடவில்லை.

1963 நவம்பர் 21. அமெரிக்காவின் நைக்-அபாச்சி ராக்கெட். அதன் தலையில் பிரான்ஸ் கொடுத்த சோடியம் ஆவிக் கலம். ராக்கெட்டைப் பொருத்தும் பொறுப்பும் பாதுகாப்பும் கலாமிடம். ஈஸ்வரதாஸ் ஏவும் ஏற்பாடுகளைக் கவனித்தார். ரேடாரும் தகவல் தொடர்பும் ஆராவமுதன் கையில். ராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கும் நேரத்தில் கிரேனில் எண்ணெய் கசிந்து ராக்கெட் சாய ஆரம்பித்தது. பழுது பார்க்க நேரமில்லை. எல்லோரும் சேர்ந்து கைகொடுத்துத் தூக்கி வைத்தார்கள். இப்படித் தூக்குவதற்கு வாலப்ஸில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் எதைக் கையால் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தீர்மானிக்கும் தைரியம் பழக்கத்தில்தான் வருகிறது. சூரியன் மறைந்த சற்று நேரத்தில் ராக்கெட் கிளம்பியது. மேலே விரிந்த சோடியம் ஆவியில் வெளிச்சம் பட்டு வானம் ஆரஞ்சாக ஒளிர்ந்தது.

பழகும் வேலைக்கு விலையும் உண்டு. பின்னர் ஒருநாள் சோடியம் கலவையை நிரப்பும் அறையில் கலாமும் சக ஊழியர் சுதாகரும் இருந்தபோது, சுதாகரின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி சோடியத்தில் விழுந்தது. வெடித்தது. தீ. சுதாகர் வெறும் கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, கலாமை முதலில் வெளியே தள்ளிவிட்டுப் பிறகு தான் குதித்தார். பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாதுகாப்பு விதி என்பது காகிதத்தில் இருக்கும்வரை யாருக்கும் புரிவதில்லை.

இந்தப் பயணம் ஏன் பலித்தது? அவர்கள் மேதைகள் என்பதால் மட்டுமல்ல. புறப்படும்போதே, திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய வேலை தெரிந்திருந்தது. அனுப்பியவர்களுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். பயணத்துக்கான காசு அவர்கள் பையிலிருந்து போகவில்லை. வேலைக்கான இடத்தை மீனவர்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பிற்பாடு ஆராவமுதன் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கும் பெங்களூர் செயற்கைக்கோள் மையத்துக்கும் இயக்குநரானார். கலாம் எங்கே போனார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய மாணவரை இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் பொறியியல் மாணவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் நாட்டில் அத்தனை பேரைப் பழக்கிவிட மேஸ்திரிகள் எங்கே? விளைவு, சான்றிதழ்ச் சந்தை. பணம் கட்டினால் 'இன்டர்ன்' என்று அச்சடித்துத் தருகிற இடங்கள் வந்துவிட்டன. வேலை செய்பவருக்குக் கூலி என்பது போய், வேலை பழகுபவரே கூலி கொடுக்கும் காலம். தொழிற்பழகுநர் சட்டத்தில் உதவித்தொகை உண்டு, வேலை நேரம் உண்டு, அடிபட்டால் ஈட்டுத்தொகை உண்டு. இன்டர்ன் என்ற பெயரில் வருபவர் பெரும்பாலும் அந்தக் குடைக்குள் வருவதில்லை. சுதாகருக்கு நேர்ந்தது ஒரு இன்டர்னுக்கு நேர்ந்தால் யார் பொறுப்பு?

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. முழுநேரம் படிக்கும் மாணவர்களுக்குத் தொடக்கத்தில் அதில் இடம் இருக்கவில்லை என்றாலும் பழகுபவருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2024ல் அரசுச் செலவில் மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. ஜெர்மனியின் வைஸ் திட்டம் போன்றவை உதவித்தொகை கொடுத்தே நம் மாணவர்களை அழைத்திருக்கின்றன. திருவனந்தபுரத்தில் 2007ல் விண்வெளிக் கல்விக்கென்று தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி., தகுதி மதிப்பெண் எடுத்தவர்களுக்கு இஸ்ரோவில் வேலை என்ற ஏற்பாட்டோடுதான் பிறந்தது. தும்பாவின் பாடத்தை யாரோ ஞாபகம் வைத்திருந்தார்கள்.

வெளிநாடு போய்த் திரும்பாதவர்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு இங்கே ஒரு தேவாலயமாவது, ஒரு ஓட்டை கிரேனாவது காத்திருந்ததா என்று கேட்டால் பலருடைய வாய் அடைத்துவிடும். வேலை காத்திருந்தால் லாட்ஜும் ரயில் நிலையச் சாப்பாடும் ஒரு பொருட்டில்லை என்பதற்குத் தும்பா சாட்சி.

ஆகவே இந்தக் கோடையில் புறப்படும் பிள்ளைகளிடம் டிக்கெட் விலையைக் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். அங்கே உன் பக்கத்தில் நின்று சொல்லித் தரப்போகிறவர் யார்? உன் உழைப்புக்கு யார் பணம் தருகிறார்கள், நீயா அவர்களா? வந்த பிறகு அந்த வேலையை எங்கே செய்வாய்? முதல் இரண்டுக்கும் மாணவர் விசாரித்துப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரியும் கம்பெனியும் அரசும்தான். 1963ல் அந்தப் பதில் தயாராக இருந்தது.